ஊதா வந்தால் ஊருக்கு

அடுத்தவர் உடம்பிலிருந்து கழிந்ததைக் கண்ணாடிக் குழாயில் ஊற்றி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, அவர் சொல்வது மெய்யா பொய்யா என்று தீர்ப்பு எழுதுவதுதான் லேப் டெக்னீசியன் வேலை. படிப்பு ஒரு வருஷம், மூக்கு பழக இன்னொரு வருஷம். அந்த மேஜைக்குப் பின்னால் நின்று காலம் தள்ளிய சக பாவப்பட்ட ஜீவன்களுக்கு நான் சொல்லப்போவது சட்டென்று புரியும். மற்றவர்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு படிக்கலாம்.

எழுபதுகளின் நடுவில் தேவிகுளம் பக்கத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரியில் எனக்கு வேலை கிடைத்தது. சொந்த ஊர் வேலந்தாவளம். கல்யாணமாகி நாலே மாதம். மனைவி மரகதத்தை என் அப்பா அம்மாவோடு விட்டுவிட்டு, ஒரு பெட்டியும் ஒரு கம்பளியுமாக மலை ஏறினேன். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை சனி முதல் திங்கள் வரை லீவு. காலண்டரைப் பார்த்துப் பார்த்துக் கண் பூத்துப்போன எனக்கு, என்னைவிட மோசமாக நாள் எண்ணிக்கொண்டிருந்த இரண்டு வார்டு ஜனங்கள் மேல் தீர்ப்பு எழுதும் வேலையைக் கொடுத்தார்கள்.

சனிக்கிழமை ஜன்னல்

அந்தக் காலத்தில் காசநோய்க்கு ஊசி, மாத்திரையோடு பி.ஏ.எஸ். என்று ஒரு மருந்தும் உண்டு. பொட்டலத்தில் குருணை குருணையாக வரும். ஒரு நாளைக்கு ஒரு கைப்பிடி விழுங்க வேண்டும். நாக்கில் பட்டால் குமட்டும், வயிற்றுக்குள் போனால் புரட்டும். எங்கள் நோயாளிகள் எல்லோரும் தேயிலை, ஏலத் தோட்டத்து ஆட்கள். அவர்கள் அதற்குக் ‘குருணை’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். விழுங்கிவிட்டேன் என்று தலையாட்டிவிட்டு விழுங்காமல் விடுகிறவர்கள் இருந்ததால், சனிக்கிழமை காலையில் எல்லோருடைய சிறுநீரையும் நான் சோதிக்க வேண்டும். குழாயில் கொஞ்சம் ஊற்றி, பெர்ரிக் குளோரைடு என்கிற மஞ்சள் திரவத்தை நாலு சொட்டு விடுவேன். குருணை உள்ளே போயிருந்தால் ஊதாவாக மாறும். போகாவிட்டால் மாறாது.

எங்கள் பெரிய டாக்டர் கோட்டயம் பக்கத்து மனிதர். கண்டிப்பானவர். அவர் ஒரு சட்டம் போட்டிருந்தார். சளியில் கிருமி இல்லாமல், தொடர்ந்து நாலு சனிக்கிழமை ஊதா வந்தால் இரண்டு நாள் வீட்டு லீவு. ஒரு வாரம் தப்பினாலும் மறுபடி ஒன்றிலிருந்து எண்ண வேண்டும். ஒன்பது மணிக்கு எஸ்டேட் லாரி வரும், ஊதா வந்தவர்கள் மூட்டையோடு ஏறிப் போவார்கள். அதனால் சனிக்கிழமை விடிந்தால் என் லேப் ஜன்னல் முழுக்கத் தலைகளாக இருக்கும். நான் குழாயைத் தூக்கினால் அத்தனை கண்ணும் சேர்ந்து மேலே போகும். கிருமி, மருந்து, பாசிட்டிவ், நெகட்டிவ் என்று அங்கே யாரும் கேட்டதில்லை. எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: “சார், எனக்கு ஊரா, வார்டா?”

லூர்து

பெண்கள் வார்டில் லூர்து மேரி என்று ஒருத்தி இருந்தாள். மாட்டுப்பட்டிப் பக்கத்தில் ஒரு தேயிலை எஸ்டேட் டிவிஷனில் கொழுந்து எடுக்கிறவள். இருபத்திரண்டு, இருபத்து மூன்று வயது இருக்கும். அவள் வார்டுக்கு வந்த அன்று அவளுடைய பெண் குழந்தை ஜெசிந்தாவுக்கு எட்டு மாதம். சின்னக் குழந்தைகளை வார்டுக்குள் விடக்கூடாது என்பது இன்னொரு சட்டம். புருஷன் அந்தோணி ஞாயிற்றுக்கிழமைகளில் தனியாக வந்து வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பேசிவிட்டுப் போவான். குழந்தையை அவனுடைய அக்கா, தோட்டத்து ஆட்கள் வரிசையாகக் குடியிருக்கும் லயத்து வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டாள்.

குருணையை ஒருநாள்கூடத் தவறவிடாத ஆள் அந்த ஆஸ்பத்திரியில் லூர்து ஒருத்திதான். வாந்தி எடுப்பாள், வாயைக் கொப்பளிப்பாள், இன்னொரு பொட்டலத்தைக் கேட்டு வாங்கி விழுங்குவாள். இருந்தும் அவளுக்கு நாலு வாரம் கூடவே இல்லை. ஒரு தடவை மூன்றாவது வாரத்தில் சளியில் கிருமி தெரிந்தது. இன்னொரு தடவை வாந்தி அதிகமாகி டாக்டரே குருணையை நிறுத்தி வைத்தார். இப்படியே பத்து மாதம் ஓடிவிட்டது. ஒரு திங்கட்கிழமை என் ஜன்னலுக்கு வந்து, சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வைத்துக்கொண்டு சொன்னாள்: “சார், பாப்பா நடக்காளாம். நான் பாக்காமலே நடந்துட்டா.”

ரோஜாச் செடிக்கும் ஊதா

ஆண்கள் வார்டின் சக்கரவர்த்தி ஞானமுத்து. எஸ்டேட்டில் டிராக்டர் ஓட்டியவர், ஐம்பதைத் தாண்டியவர், நோய் பாதியும் வாய் பாதியுமான மனிதர். அவருக்கு மட்டும் வாரா வாரம் ஊதா வந்துகொண்டிருந்தது. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய் மனைவி கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிட்டுவிட்டு வந்து, அதன் மணத்தை வார்டு முழுக்க வார்த்தையாலேயே பரப்பிவிடுவார். ஆனால் எடை மட்டும் ஏறவில்லை, இருமலும் விடவில்லை. டாக்டருக்கு மனதில் ஏதோ உறுத்தியது.

ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்தவர், ஞானமுத்துவின் கட்டிலுக்குப் பின்னால் இருந்த ஜன்னலை எட்டிப் பார்த்தார். கீழே ரோஜாப் பாத்தி. அதில் ஒரு செடியைச் சுற்றி மட்டும் மண் வெளுத்துப்போயிருந்தது. என்னைக் கூப்பிட்டு பெர்ரிக் குளோரைடு புட்டியைக் கொண்டுவரச் சொன்னார். ஈர மண்ணில் நாலு சொட்டு விட்டேன். பாத்தி ஊதாவாகிவிட்டது. வார்டே ஜன்னலில் தொங்கிக்கொண்டு வேடிக்கை பார்த்தது. “எந்தா ஞானமுத்து இது?” என்று டாக்டர் கேட்டார். ஞானமுத்து கொஞ்சமும் அசரவில்லை. “செடிக்கும் நெஞ்சுச் சளி டாக்டரய்யா. பாவமா இருந்துச்சு, குடுத்தேன்.”

என்னுடைய ஊதா

இப்போது எனக்குத்தான் தலை சுற்றியது. குருணை செடிக்குப் போயிருந்தால், மனிதருக்கு எப்படி ஊதா வந்தது? அவரைத் தனியாகக் கூப்பிட்டுக் கெஞ்சினேன். விஷயம் லேசானது. ஒரு வெள்ளிக்கிழமை தலைவலி தாங்காமல், ஆஸ்பத்திரிக்கு எதிரே டீக்கடையில் விற்கிற ஆஸ்பிரின் மாத்திரை இரண்டைப் போட்டிருக்கிறார். அன்று குருணையை வீசிவிட்டார். அது அவருக்கு நாலாவது வாரம். சனிக்கிழமை வார்டுதான் என்று படுத்துக்கிடந்தவருக்கு ஊதா வந்து, லாரியில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமை தவறாமல் அவருக்குத் தலை வலித்தது.

நம்பவா வேண்டாமா என்று தெரியவில்லை. நானே இரண்டு ஆஸ்பிரினை வாங்கி விழுங்கி, மறுநாள் காலையில் என்னுடையதைக் குழாயில் ஊற்றிச் சொட்டு விட்டேன். பளிச்சென்று ஊதா. எந்த நோயும் இல்லாமல், எந்தக் குருணையும் தின்னாமல், நான் லீவுக்குத் தகுதியானவனாக நின்றேன். யார் வேண்டுமானாலும் கடையில் வாங்கித் தின்னலாம் என்கிற மாத்திரை, எங்கள் சோதனையைக் காலில் போட்டு மிதித்துவிட்டது.

இரண்டு வாரம் வேறு வேலையில்லாமல் இரண்டு ஊதாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். குருணையின் ஊதாவில் கொஞ்சம் சிவப்பு தட்டும், நாவல்பழத்தைக் கசக்கியது போல. ஆஸ்பிரினுடையது கத்தரிப்பூ. கண்டுபிடித்துவிட்டேன் என்று டாக்டரிடம் ஓடினேன். அவர் மகிழ்ந்துபோய், இனிமேல் கத்தரிப்பூ வந்தால் ரிஜிஸ்டரில் ‘ஆ’ என்று எழுது, ‘ஆ’ வாங்கியவருக்கு லீவு இல்லை, நீ எழுதுவதே முடிவு என்று சொல்லிவிட்டார். எனக்கு மார்பு இரண்டு அங்குலம் விரிந்தது. ஞானமுத்துவுக்கு அந்தச் சனிக்கிழமையே முதல் ‘ஆ’. அவர் என் குழாயைப் பற்றியும் கேள்விப்பட்டிருந்தார். ஜன்னலில் கையை ஊன்றிக்கொண்டு சொன்னார்: “உங்களுக்கும் ஊதா வந்துச்சாமே. அப்ப பேசாம நீங்க ஊருக்குப் போயிட்டு வாங்க சார், மூஞ்சி ஒரு மாதிரியா இருக்கு.”

வாயை ஊது

மூஞ்சி அப்படித்தான் இருந்தது. மரகதத்தைப் பார்த்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. அவள் கடிதத்தில் எருமை கன்று போட்டதை ஒரு பக்கம் எழுதுவாள், தன்னைப் பற்றி ஒரு வரி எழுதுவாள். அந்த ஒரு வரியை மடித்து மடித்துப் படிப்பேன். ஒருவழியாக லீவு வந்தது. ஆனால் அந்த வாரம் எனக்குக் கடுமையான இருமல். காசநோய் ஆஸ்பத்திரியில் இருமினால் எப்படிப் பார்ப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். டிஸ்பென்சரியில் இருமல் மிக்சர் வாங்கி, பஸ்ஸில் ஒவ்வொரு வளைவுக்கும் ஒரு வாய் குடித்துக்கொண்டே மூணாறிலிருந்து உடுமலைப்பேட்டைக்கு இறங்கினேன்.

அப்போது தமிழ்நாட்டில் மதுவிலக்கு, கேரளத்தில் கடை திறந்திருக்கும். மலை இறங்குகிற பஸ்ஸை எல்லையில் நிறுத்தி ஆட்களை ஊதச் சொல்வார்கள். நான் ஊதினேன். அந்த மிக்சரில் ஸ்பிரிட் கலந்திருந்தது, எனக்கே தெரியும். போலீஸ்காரர் ஒரு அடி பின்னால் போனார். நான் லேப் டெக்னீசியன், இது மருந்து, இதோ புட்டி என்று எல்லாவற்றையும் சொன்னேன். பஸ் போய்விட்டது. யாரோ ஒரு பெரிய அதிகாரி வந்து புட்டியை முகர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு அனுப்பும் வரை வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். நான் பொய் சொல்லவில்லை என்பது எனக்கும் என் புட்டிக்கும் மட்டுமே தெரிந்திருந்தது. பொள்ளாச்சியில் கடைசி பஸ்ஸையும் விட்டு, மறுநாள் காலையில்தான் வேலந்தாவளம் போய்ச் சேர்ந்தேன். இரண்டு மாதம் காத்திருந்த லீவில் முதல் நாள் முழுசாகப் போய்விட்டது. அந்தப் போலீஸ்காரர் சொன்னதை மட்டும் இன்னும் மறக்கவில்லை: “வர்றவன் பூராவும் மருந்துன்னுதான் சொல்றான். நீங்க படிச்சவரு, வேற எதாச்சும் சொல்லக்கூடாதா?”

எட்டரை மணி பஸ்

இந்த அனுபவத்தில் நான் என்ன கற்றுக்கொண்டிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரிகிறது. நான் கற்றுக்கொண்டது வேறு. அடுத்த லீவில் முதல் பஸ்ஸைப் பிடித்தே தீர வேண்டும் என்பதைத்தான் கற்றுக்கொண்டேன். எட்டரைக்கு ஆஸ்பத்திரி வாசலில் வரும் பஸ்ஸில் ஏறினால் மூணாறில் உடுமலை வண்டி கிடைக்கும், இருட்டுவதற்குள் வீடு.

அந்தச் சனிக்கிழமை வந்தது. ஏழு மணிக்கே குழாய்களை வரிசையாக நிறுத்தினேன். பெட்டி காலடியில் தயாராக இருந்தது. அதில் மரகதத்துக்கு ஒரு கம்பளி மேலங்கி, கொஞ்சம் ஏலக்காய். சொட்டு விட்டேன், தூக்கிப் பார்த்தேன், எழுதினேன். பத்தொன்பதாவது குழாய் லூர்துவுடையது. அவளுக்கு அது நாலாவது சனிக்கிழமை. சளியும் சுத்தம். சொட்டு விட்டதும் வந்தது ஊதாதான், ஆனால் கத்தரிப்பூ. இவளுமா என்று நினைத்தேன். நாலாவது வாரத்தில் பயந்துபோய் இவளும் டீக்கடை மாத்திரையை வாங்கிப் போட்டுவிட்டாள் என்று நானே ஒரு கதையும் கட்டிக்கொண்டேன். மணி எட்டே கால். இன்னொரு தடவை பார்த்திருக்கலாம், வார்டில் போய் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ‘ஆ’ என்று எழுதி, ரிஜிஸ்டரை டியூட்டி நர்ஸ் மேஜையில் வைத்துவிட்டுப் பெட்டியைத் தூக்கினேன்.

வெளியே வராந்தாவில் லூர்து நின்றிருந்தாள். தலைக்குக் குளித்து, பூப்போட்ட சீலை கட்டி, கையில் ஒரு துணி மூட்டை. மூட்டையின் வாயில் ஒரு மரப்பாச்சியின் தலை தெரிந்தது. ஆஸ்பத்திரித் தச்சரிடம் கேட்டு வாங்கியிருப்பாள். என் பெட்டியைப் பார்த்து முகமெல்லாம் சிரித்தாள். நான் தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் படியிறங்கி ஓடினேன். அவள் சொன்னது பின்னாலிருந்து கேட்டது: “நீங்களும் வீட்டுக்கா சார்? நல்லபடியாப் போயிட்டு வாங்க. நானும் இன்னைக்குப் போறேன்.”

மரகதம் கேட்டது

இருட்டுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டேன். வாசலில் மரகதம் சாணி தெளித்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தவள் வாளியை அப்படியே கீழே வைத்தாள். அவ்வளவுதான் வரவேற்பு. எனக்கு அது போதும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே அந்த மேலங்கியைப் போட்டுப் பார்த்தாள். வேலந்தாவளத்து வெக்கையில் வேர்த்துக் கொட்டியது, கழற்ற மாட்டேன் என்றுவிட்டாள். எனக்கும் கழற்றச் சொல்ல மனமில்லை.

சாப்பிடும்போது என் பெருமையைப் பேச ஆரம்பித்தேன். நாவல்பழ ஊதா, கத்தரிப்பூ ஊதா, என் கண், டாக்டர் என் எழுத்தையே முடிவாக வைத்தது எல்லாம் சொன்னேன். ஞானமுத்துவின் ரோஜாச் செடிக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். அந்தச் சிரிப்பை இன்னும் கொஞ்சம் கேட்கும் ஆசையில், இன்றைக்குக்கூட ஒருத்தியைப் பிடித்தேன் என்று லூர்துவின் கதையைச் சொன்னேன். குழந்தை நடந்ததையும் மூட்டையையும் சேர்த்தே சொன்னேன். மரகதம் சிரிக்கவில்லை. பாத்திரத்தில் கரண்டி அப்படியே நின்றது. கேட்டாள்: “ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு நெசமாலுமே காச்சலோ தலவலியோ இருந்திருந்துச்சுன்னா?”

காய்ச்சல் சார்ட்

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டேன். மரகதம் பஸ் ஸ்டாண்டு வரை கூடவே வந்து, பெட்டியை என் கையில் கொடுக்காமல் கடைசி நிமிஷம் வரை தானே வைத்துக்கொண்டிருந்தாள். கன்றுக்குட்டிக்குப் பேர் வைத்ததைப் பற்றிப் பேசினாள். அடுத்த லீவுக்கு இன்னும் இரண்டு மாதம் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

சாயங்காலம் பெட்டியோடு நேராகப் பெண்கள் வார்டுக்குப் போய் லூர்துவின் காய்ச்சல் சார்ட்டை எடுத்தேன். வியாழன் காய்ச்சல், ஆஸ்பிரின் இரண்டு. வெள்ளி காய்ச்சல், ஆஸ்பிரின் இரண்டு. பக்கத்தில் வார்டு நர்ஸ் ஏலிக்குட்டி சிஸ்டரின் கையெழுத்து. குருணை இரண்டு நாளும் கொடுத்ததற்கும் அதே கையெழுத்து. எங்கள் ஆஸ்பத்திரியே கொடுத்த மாத்திரைக்கு, எங்கள் ஆஸ்பத்திரியே தண்டனை கொடுத்திருக்கிறது. அதை எழுதிய கை என்னுடையது. இரண்டு மருந்தும் சேர்ந்து உள்ளே போனால் என்ன நிறம் வரும் என்று நான் ஒருநாளும் பார்த்ததில்லை. மார்பு விரிந்த அவசரத்தில் அது தோன்றவே இல்லை.

சனிக்கிழமை ஏலிக்குட்டி சிஸ்டருக்கு ஓய்வு நாள். டாக்டர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். டியூட்டி நர்ஸ் புதியவள், டெக்னீசியன் எழுதியதை மாற்ற எனக்கு அதிகாரமில்லை என்று லாரியை அனுப்பிவிட்டாள். லூர்து அழவில்லையாம், சண்டை போடவில்லையாம். மூட்டையைக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டு, அன்றைய குருணையைக் கேட்டு வாங்கி விழுங்கினாளாம். இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு சிஸ்டர் சார்ட்டை என் கையிலிருந்து வாங்கி மாட்டினார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். தன் கையெழுத்தை விரலால் தொட்டுக் காட்டி, சாதாரணமாகத்தான் சொன்னார்: “என்டெ ஒப்பு அதில் உண்டல்லோ சாரே. ஒரு தடவ நோக்கியிருந்தால் போதுமாயிருந்து.”

ஞானமுத்து தின்ற இரண்டு

அன்றைக்கே டாக்டரிடம் போய், தவறு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். அவர் பேனாவை மூடி வைத்தார். உன் கண்ணை நம்பி உத்தரவு போட்டது நான், அதனால் பாதித் தவறு எனக்கு என்றார். லூர்துவுக்குக் காய்ச்சல் விட்டு, சளியும் சுத்தமாக இருந்தால் வருகிற சனிக்கிழமை அனுப்பலாம் என்றார். அதற்கு முன்னால் அனுப்ப லாரி இல்லை, நடந்துபோக அவளுக்குத் தெம்பும் இல்லை. ‘ஆ’ என்ற எழுத்தை ஒழித்துவிடுங்கள் என்று கேட்டேன். முதலில் நிரூபித்துக் காட்டு என்றார்.

நிரூபிக்க ஆள் வேண்டுமே. ஞானமுத்து தானாக முன்வந்தார். வியாழனும் வெள்ளியும் சிஸ்டர் கண்முன்னால் குருணையை முகம் சுளித்துக்கொண்டு விழுங்கினார், கூடவே இரண்டு ஆஸ்பிரின். சனிக்கிழமை அவருடைய குழாயை டாக்டர் எதிரிலேயே தூக்கினேன். அப்பட்டமான கத்தரிப்பூ. டாக்டர் ரிஜிஸ்டரை வாங்கி, ‘ஆ’ இருந்த இடமெல்லாம் கோடு போட்டு, இனிமேல் சார்ட் பார்க்காமல் எழுதக்கூடாது என்று பக்கத்தில் எழுதினார். ஞானமுத்து பெருமையாகச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு என் பக்கம் திரும்பினார்: “வாழ்க்கையில மொத தடவையா ஒழுங்காத் தின்னுருக்கேன் சார். இப்பவும் நான் திருடந்தானா?”

லாரி

அந்தச் சனிக்கிழமை லூர்துவுக்கு லீவு. நானும் லாரியில் ஏறினேன். ஏன் ஏறினேன் என்று யாரும் கேட்கவில்லை. மாட்டுப்பட்டி ரோட்டில் டிவிஷனுக்குப் பிரிகிற முனையில் அந்தோணி நின்றிருந்தான், இடுப்பில் குழந்தை. லாரி நின்றதும் லூர்து இறங்கி, இரண்டடி தள்ளியே நின்றாள். பழக்க தோஷம், வாயை முந்தானையால் மூடிக்கொண்டாள். கிருமி இல்லை, மூட வேண்டாம் என்று லாரியிலிருந்து கத்தினேன். கையை எடுத்தாள். குழந்தை அவளையே பார்த்தது. பிறகு அப்பா தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. லூர்து மூட்டையிலிருந்து மரப்பாச்சியை எடுத்து நீட்டினாள். குழந்தை அதை மட்டும் வாங்கிக்கொண்டது. லாரி கிளம்பிவிட்டது. வளைவு திரும்பும் வரை பார்த்தேன், அவர்கள் மூன்று பேரும் அங்கேயேதான் நின்றிருந்தார்கள்.

ஞாயிறு சாயங்காலம் லூர்து திரும்பி வந்தாள். மூட்டையைக்கூட வைக்காமல் லேப் ஜன்னலுக்கு வந்தாள். ராத்திரி தூக்கத்தில் குழந்தை தானாக அவள் மேல் காலைப் போட்டதாம். அதைச் சொல்லும்போது அவளுக்குக் கண் நிறைந்தது, எனக்கும்தான். இனி நாலு வாரம் என்ன சார், ஓடிப்போயிரும் என்றாள். நான் மன்னிப்புக் கேட்டேன். விடுங்க சார், எல்லாரும் வீட்டுக்குப் போகத்தான ஓடுதோம் என்றாள். போகிறவள் இரண்டடி போய்த் திரும்பினாள். என்னைக் குத்திக்காட்டவில்லை. யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்பதுபோல, ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “போன சனிக்கெழம அவங்க அப்பா தூக்கிட்டு வந்து அந்த முக்குல நின்னப்ப, லாரியப் பாத்து ‘அம்மா வரும், அம்மா வரும்’னு சொல்லிக்கிட்டே இருந்தாளாம் சார். இந்த வாரம் சொல்லலையாம்.”

அதற்குப் பிறகு ஓய்வு பெறும் வரை, என்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்று ஒரு வார்த்தை கேட்காமல் நான் எந்தக் குழாயையும் வெளிச்சத்துக்குத் தூக்கியதில்லை. அதனால் தவறவிட்ட பஸ்களை எல்லாம் மரகதம் இன்றுவரை விரல்விட்டு எண்ணுகிறாள், அவள் கேட்ட கேள்வியால் வந்த வினைதான் அது என்று நானும் அவளிடம் சொல்லவில்லை.